தேவதூதனுக்கு வெட்டிய கிடா

என் தம்பி ஜாபேஸை அப்பா ஊழியத்துக்கு நேர்ந்துவிட்டபோது அவன் கைக்குழந்தை. மூச்சுத் திணறி தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த வாரம் எங்கள் ஊரில் கன்வென்ஷன். "யார் உங்கள் பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று பிரசங்கியார் கேட்டதும் பந்தலில் முதல் ஆளாக எழுந்து நின்றவர் அப்பாதான். பிள்ளை பிழைத்துக்கொண்டான். அப்பாவும் அந்தப் பொருத்தனையைக் கல்யாணப் பட்டு மாதிரி மடித்து உள்ளே வைத்துவிட்டார். ஜாபேஸ் டிப்ளமோ முடித்தான். துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்தான். யார்டை இழுத்து மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்து மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தான். அப்போதுதான் அப்பாவுக்குப் பொருத்தனை ஞாபகம் வந்தது.

"கர்த்தர் யார்டை மூடுனதே இதுக்குத்தாம்ல" என்றார்.

"ஆமா, அவருக்கு வேற சோலி இல்ல பாருங்க" என்றேன் நான்.

நான் ஜெனிலா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கட்டிக்கொடுத்ததும் அதே தெருவில்தான். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். நீளமோ கட்டையோ, இருக்கிற வாயை வைத்துத்தானே பேச முடியும்!

எங்கள் ஊர் ஆறுமுகநேரிக்குக் கிழக்கே, உப்பளத்தை ஒட்டி. இங்கே உயரமான இடம் என்றால் உப்புக் குவியல்தான். அதற்கு அடுத்தது கோயில் மணிக்கூண்டு. அந்த மணிக்கூண்டில் ஏறியே தலைசுற்றி உட்கார்ந்தவன் ஜாபேஸ். கடலில் போட்டால் மீன் மாதிரி நீந்துவான். அவனைத்தான் எங்கள் சபையின் மிஷனெரி சங்கம் ஜார்க்கண்டில் ஒரு மலையுச்சிக்கு அனுப்பத் தீர்மானித்தது.

சங்கத்தின் செயலாளர் கிங்ஸ்டன் அண்ணாச்சி. பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அப்பாவிடம் ஏழாம் வகுப்புப் படித்தவர். அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அருமைநாயகம் சார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் கையால் அடி வாங்கிய அனுபவம் உண்டு. கிங்ஸ்டன் அண்ணாச்சி நல்ல மனிதர்தான். ஆனால் எதைக் கையில் கொடுத்தாலும் மேலே இரண்டு கோட்டிங் அடிக்காமல் விடமாட்டார்.

தூத்துக்குடி ஸ்டேஷனில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் முன்னால் பேனர் பிடித்து, மாலை போட்டு, ஜெபம் பண்ணி வழியனுப்பினார்கள். அம்மா ஜெயசெல்வி மட்டும் ஜெபத்தில் கண்ணை மூடவில்லை. மக்ரூன் டப்பாவுக்குக் கீழே கருவாட்டுப் பொட்டலங்களைச் சொருகிக்கொண்டிருந்தாள். நெத்திலி, சாளை, சீலா. மலையில் மீன் கிடைக்காதே என்ற கவலை அவளுக்கு.

போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் போன் வந்தது. அங்கே ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்குமாம்.

"எக்கா, ஒரு சங்கதி. இங்கன எல்லாரும் கிறிஸ்தவங்க."

"என்னலே சொல்லுத?"

"ஆமாக்கா. மலையேறி வந்து நாக்குத் தள்ளிப்போயி நிக்கேன். ஒரு பெரியவர் வந்து ஸ்தோத்திரம்ங்கார். அவரு பாட்டன் காலத்துலயே ஞானஸ்நானமாம். ஓட்டுக் கோயில் ஒண்ணு இருக்கு. நாலு குரல்ல பாடுதாவ. நம்ம பாடகர் குழுவெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது."

"அப்ப நீ எதுக்குலே அங்கன?"

"அதத்தான் அவங்களும் கேக்காவ."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதை அப்படியே கிங்ஸ்டன் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏளா ஜெனிலா, இத வெளிய சொல்லாத. அவங்க ஏற்கெனவே கிறிஸ்தவங்கன்னா இங்க யாருக்குக் கண்ணீர் வரும்? கண்ணீர் வரலைன்னா காணிக்கை எப்படி வரும்?"

மாதக் கடைசி ஞாயிறு ஆராதனையில் அவர் பணித்தளச் செய்தி வாசித்தார். "நமது மிஷனெரி இப்போது இருளில் இருக்கும் ஜனங்கள் நடுவே இருக்கிறார்." மலையில் கரண்ட் இல்லை என்பது உண்மைதான். சபை அழுதது. எல்லாருக்கும் முந்தி அப்பா அழுதார்.

ஜாபேஸ் அங்கே செய்த காரியம் வேறு. மேலே ஒரு ஊற்று இருந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கினார்கள். இவன் மலைக்காரப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்டான். யார்டில் கற்ற வெல்டிங் அங்கே உதவியது. பள்ளிக்கூடத்தில் பழுதாகிக் கிடந்த சோலார் விளக்கை எரியவைத்தான். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். "நீ பிரசங்கம் பண்ணலியா?" என்று கேட்டேன். "அவங்க பண்ணுதாவ, நான் கேக்கேன்" என்றான்.

அப்புறம் கரடி வந்தது. அம்மா கொடுத்துவிட்ட கருவாட்டை மலைக்காற்றில் காயட்டும் என்று குடிசை வாசலில் கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறான் பாவிப் பயல். கடற்கரைக்காரன் வேறு என்ன செய்வான்? அந்த மலையில் அப்படி ஒரு வாசனை அதுவரை வந்ததே கிடையாது. கரடி வந்து கொடியோடு இழுத்துத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கதவைப் பிறாண்டியிருக்கிறது. ஊர்க்காரர்கள் தகரம் தட்டி விரட்டினார்களாம். மறுநாள் அவனிடம் வந்து, கரடிக்குத் தீனி போடுவது உங்கள் ஊர் வழக்கமா என்று மரியாதையாகக் கேட்டார்களாம்.

சபையில் இது எப்படி வந்தது என்கிறீர்கள்? "சாத்தான் கரடி ரூபத்தில் ஊழியத்துக்கு விரோதமாக எழும்பினான்." கருவாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மா என் காதில், "சீலாவ முழுசா தின்னுட்டுதா?" என்று மட்டும் கேட்டாள்.

மழைக்காலத்தில்தான் உண்மையான ஆபத்து வந்தது. குழாயில் அடைப்பு எடுக்க மேலே போனவன் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தான். கால் எலும்பு முறிந்துவிட்டது. எத்தனை நேரம் கத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த வழியாக அரசாங்க நர்ஸ் ஒருத்தி, பக்கத்துக் குன்றில் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். பெயர் ஃபூல்மணி. ஃபூல் என்றால் அங்கே பூவாம். அதே ஊர்க்காரி. மூங்கிலைப் பிளந்து காலுக்குக் கட்டுப்போட்டாள். தன் அண்ணன்மாரைக் கூட்டிவந்தாள். எல்லாருமாக ஒரு கட்டிலைக் கவிழ்த்து, அதில் இவனைக் கட்டி, மழையில் மலையிறக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு முனையைக் கடைசிவரை அவளே சுமந்தாள். இல்லையென்றால் எனக்குத் தம்பி இல்லை.

இதையும் அவன் உள்ளதை உள்ளபடி கிங்ஸ்டன் அண்ணாச்சியிடம் சொன்னான். அண்ணாச்சி யோசித்தார். வயசுப் பிள்ளை ஒருத்தி நம் மிஷனெரியைச் சுமந்தாள் என்றால் சபையில் நன்றாக இருக்குமா? "அவ என்ன உடுத்திருந்தா?" என்று கேட்டார். நர்ஸ் ஆயிற்றே, வெள்ளைச் சேலை. அது போதாதா!

"வெள்ளை வஸ்திரம் தரித்த ஒருவர் தோன்றி, நமது மிஷனெரியைத் தூக்கிச் சுமந்து, மலையடிவாரத்தில் விட்டு மறைந்தார்" என்று வாசித்தார். கோயிலில் ஒரே விம்மல். அப்பா முழங்காலில் விழுந்துவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் பெயரையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தேவதூதர்கள் எந்த ரூபத்துலயும் வருவாங்க ஏளா, ஒனக்கு அது புரியாது" என்றார்.

அதோடு விட்டாரா? அந்தத் தூதனுக்கு நன்றியாக ஒரு ஆட்டுக்கிடாவைக் கோயிலுக்குக் கொடுத்தார். அந்த வருஷத்து அசனத்தில் அந்தக் கிடாவும் வெந்தது. அசனம் என்றால் எங்கள் பக்கம் சபையே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அண்டா அண்டாவாகச் சோறு, கறி. சாப்பிடாதவன் ஊரிலேயே இல்லை.

கால் கூடி ஜாபேஸ் மறுபடியும் மலைக்குப் போனான். கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் பாறை மேலிருந்து பேசினான். குரலே வேறு மாதிரி இருந்தது.

"எக்கா, நான் ஃபூல்மணியக் கட்டிக்கிடலாம்னு இருக்கேன். அவளுக்கும் சம்மதம். அவங்க வீட்லயும் சம்மதம்."

"நல்லதுலே. அப்பாட்ட சொன்னியா?"

"நீ சொல்லு."

எல்லாரும் என் வாயைக் குறை சொல்வார்கள். காரியம் என்றால் அந்த வாய்தான் வேண்டும்.

அப்பா கேட்டார். பேப்பரை மடித்தார். பிறகு விரித்தார்.

"அவ எந்த சனம்?"

"கிறிஸ்தவப் பிள்ளைப்பா. நாலு தலைமுறையா."

"அது தெரியும். எந்த சனம்னு கேட்டேன்."

"தேவதூத சனம். நீங்கதான சொன்னிய? முழங்கால்ல விழுந்தியள, கிடா வெட்டுனியள?"

அப்பா அமைதியாகச் சொன்னார்: "தேவதூதன் வேற ஏளா, மருமவ வேற."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அவ கருவாடு திம்பாளா?" என்று கேட்டாள். தின்பாள் என்றேன். அம்மா அந்த நிமிஷமே எங்கள் கட்சிக்கு வந்துவிட்டாள்.

ஜாபேஸ் ஒரே வார்த்தையில் நின்றான். "ஓலை நம்ம கோயில்ல வாசிக்கணும். அப்பா முன்னால நிக்கணும். இல்லைன்னா கல்யாணத்த இங்கனயே முடிச்சுக்கிடுதேன். பொறவு நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்க்கா." அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும். அப்பாவின் பிடிவாதமும் தெரியும். நடுவில் அம்மா ராத்திரியெல்லாம் அழுதாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று அறிவிப்பார்கள். அதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். நியாயமான தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். தடை என்று ஒருவர் எழுந்துவிட்டால் ஓலை நின்றுவிடும். அப்புறம் விசாரணை, கமிட்டி. எங்கள் ஊர்க் கமிட்டி ஒரு முடிவுக்கு வருவதற்குள் மாப்பிள்ளைக்குத் தலை நரைத்துவிடும்.

எங்கள் பக்கம் பாஸ்டரை ஐயர் என்போம். புதிதாக வந்த ஐயர் சின்ன வயசு. ஜாபேஸ் எழுதி அனுப்பியதும், விதி என்றால் விதி என்று முதல் ஓலையை வாசித்துவிட்டார். ஃபூல்மணி என்ற பெயர் வந்ததும் கோயிலில் அத்தனை தலையும் அப்பா பக்கம் திரும்பியது. ஆராதனை முடிந்து கிங்ஸ்டன் அண்ணாச்சி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சார், மலையில வச்சு எளிமையா முடிச்சிரலாம்லா? நாங்க இங்கனருந்து ஜெபிக்கோம். எவ்வளவு வேணும்னாலும் ஜெபிக்கோம். அங்க உள்ள ஆத்துமாக்களுக்காக நான் உயிரையும் குடுப்பேன் சார். ஆனா நாளைக்கு எங்க வீட்ல பொண்ணு கேட்டு வாரவன் என்ன நினைப்பான்? சபைக்கு ஒரு கவுரவம் உண்டுமா இல்லையா? பேரையாவது எஸ்தர்னு மாத்தச் சொல்லுங்க."

அப்பா தலையாட்டினார். அவர் ஆட்டிய ஆட்டம் ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் ஓலைக்கு மறுநாள் முதல் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்தால் வேறு பக்கம் பார்த்தார்கள்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் ஜாபேஸும் ஃபூல்மணியும் அவளுடைய அண்ணன்மாரும் வந்து சேர்ந்தார்கள். அண்ணன்மாரை என் வீட்டில் தங்கவைத்தேன். இரண்டு பேரும் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, உப்புக் குவியல் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துத் தள்ளினார்கள். ஃபூல்மணி ஒல்லியாக, வெயிலில் கறுத்து, தோள் மட்டும் அகலமாக இருந்தாள். நாத்தனாரான என்னை மைனி என்று கூப்பிட்டுத் தமிழ் பேசினாள். ஜாபேஸிடம் கற்றது அல்லவா, அச்சு அசல் ஆறுமுகநேரித் தமிழ்! அம்மா அவள் கையைப் பிடித்து நேரே அடுப்படிக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

அப்பா கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். ஃபூல்மணி போய் முன்னால் நின்றாள்.

"ஸ்தோத்திரம் மாமா."

"ம்."

"மாமா, எனக்கு ஆட்டுக்கிடா வெட்டுனியளாம்லா? ஊரே தின்னுச்சாம். எனக்கு ஒரு துண்டு கூட வரலியே?"

குத்தலாக அவள் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். ஜாபேஸ்தான் பதறிப்போய்ச் சொன்னான்: "அப்பா, அவங்க மலையில ஒருத்தருக்காக ஆடு அறுத்தா, முதத் துண்டு அவங்களுக்குத்தான் போவும். அவங்களுக்குக் குடுக்காம யாரும் கை வைக்க மாட்டாவ. அதான் கேக்கா."

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. அப்பா அவளைப் பார்த்தார். அவள் தோளைப் பார்த்தார். பேப்பர் மறுபடி ஏறிவிட்டது. அன்று மத்தியானம் கறிக்குழம்பு. அப்பா ரசத்தை மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு, மிஷனெரி பண்டிகை. ஓலை வாசிப்பதற்கு முன்னால் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளின் நாடகம். கிங்ஸ்டன் அண்ணாச்சி தயாரிப்பு. பிள்ளைகள் உடம்பெல்லாம் கரி பூசி, இடுப்பில் வேப்பங்குலை கட்டி, ஈட்டியோடு "ஊலலா ஊலலா" என்று குதித்துக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பக்கம் என் அருகில் இருந்த ஃபூல்மணி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"இவங்க யாரு மைனி?"

எனக்கு உயிரே போய்விட்டது. "உங்க ஆளுங்கதான் ஏளா."

அவள் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "எங்க ஸ்கூல்லயும் கிறிஸ்துமஸுக்கு மதராஸி டிராமா போட்டோம் மைனி. எல்லாரும் லுங்கிய மடிச்சுக் கட்டி, கருப்புக் கண்ணாடி போட்டு, ஐயோ ஐயோன்னு ஓடினோம். இவருதான் கோவிச்சுக்கிட்டாரு."

அப்போது தெர்மோகோல் இறக்கை கட்டி, வெள்ளை கவுனில் கிங்ஸ்டன் அண்ணாச்சியின் மகள் ஜெப்ஸி வந்தாள். காலொடிந்து கிடந்த மிஷனெரியைத் தொட்டாள். அவன் எழுந்து ஓடிவிட்டான்.

"இது யாரு?"

"நீதான்."

ஃபூல்மணியின் சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கு றெக்கை இல்ல மைனி. ரப்பர் செருப்பு, அதும் அறுந்து போச்சு. தோள் ரெண்டும் ஒரு வாரம் தூக்க முடியல." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காய்த்துப்போன கை.

ஐயர் ஓலை வாசித்தார். "இவ்விருவரும் விவாகத்தில் இணையக் கூடாதபடி நியாயமான தடை எவருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லலாம்."

கிங்ஸ்டன் அண்ணாச்சி எழுந்தார். இரண்டாம் வரிசையில், சரியாக அப்பாவுக்குப் பின்னால்.

"எனக்கு யார்மேலயும் விரோதமில்ல ஐயரே. ஆனா அந்தப் பிள்ளை யாரு, எவரு, எந்த சனம், ஒண்ணும் தெரியாது. யாருன்னே தெரியாத ஒருத்திய எப்படி..."

"இதைத் தடையாக எழுதிக் கொடுக்கிறீர்களா?" என்றார் ஐயர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எழுதித் தாறேன்."

ஜாபேஸ் அசையவில்லை. அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா என் தொடையைப் பிடித்து அழுத்தினாள். வருவது வரட்டும் என்று நான் எழப்போனேன். எனக்கு முன்னால் அப்பா எழுந்துவிட்டார். மெதுவாகத் திரும்பினார். தொண்டையைச் செருமினார். ஏழாம் வகுப்பில் கேட்ட செருமல். ஆண்கள் பக்கம் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஏலே கிங்ஸ்டன். அந்த அசனத்துல நீ எந்தப் பந்தி?"

"சார்... முதப் பந்தி சார்."

"என்ன கேட்டு வாங்கித் தின்ன?"

"சார், இது கோயிலு..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நல்லி எலும்பு சார்."

"அந்தக் கிடாவ நான் யாருக்கு வெட்டுனேன்?"

"தேவதூதனுக்கு சார்."

"அந்தத் தூதன் யாருன்னு ஒனக்குத் தெரியும். ஜாபேஸ் ஒன்ட்டதான் முதல்ல சொன்னான். எனக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான ரெண்டு பேரும் தின்னோம்? அப்ப எந்த சனம்னு கேட்டமா? கழுத்து வரைக்கும் தின்னுட்டு இப்ப கேக்குதோம்." அப்பாவின் குரல் உடைந்துவிட்டது. "வெக்கமா இருக்குலே. எனக்குத்தான் முதல்ல வெக்கமா இருக்கு. உக்காரு."

கிங்ஸ்டன் அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். மேடை ஓரத்தில் ஜெப்ஸி இறக்கையோடு தலையைக் குனிந்து நின்றாள்.

"வேறு யாருக்காவது தடை உண்டா?" என்றார் ஐயர். ஒரு இருமல்கூட இல்லை. "இது மூன்றாம் ஓலை" என்று சத்தமாகச் சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

அப்பா இன்னும் உட்காரவில்லை. பெண்கள் பக்கம் திரும்பினார். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கல்யாணத்துக்கும் கிடா உண்டு. எல்லாரும் வாங்க. ஆனா முதத் துண்டு என் மருமவளுக்கு. அவ வாயில வச்ச பொறவுதான் ஒங்களுக்கு எல போடுவேன்."

ஜாபேஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அவ்வளவு வேகமாகப் பேசியது ஃபூல்மணிக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. என் காதில் கேட்டாள்:

"மாமா என்ன சொல்லுதாவ மைனி?"

"முதத் துண்டு ஒனக்காம்."

அவள் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நல்லி எலும்பா போடச் சொல்லுங்க."